குளக்கரையில் ஒரு மியூசியம்: போபால் பாரத் பவனும் நம்மூர்க் குளங்களும்

சூலூருக்கு ஒரு அருங்காட்சியகம் வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் அவ்வப்போது கிளம்பும். கிளம்பிய இரண்டாவது நிமிடமே இடமும் முடிவாகிவிடும்: "குளக்கரைதான் சும்மா கெடக்குதுல்ல, அங்க கட்டிடலாம்." இந்த "சும்மா கெடக்குது" என்ற சொல் என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில், ஏரிக்கரையில் கட்டப்பட்ட ஒரு கலை அருங்காட்சியகத்தின் வரலாற்றுக்குள் போய்விட்டேன். மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் இருக்கும் பாரத் பவன் அது.

மியூசியம் வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. சூலூரில் ஒரு பெருங்கற்காலப் புதைகுழியில் கிடைத்த, குறிகள் கீறிய மண்தட்டு இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்தக் கீறல்களை ஹரப்பா முத்திரைக் குறிகளோடு ஒப்பிட்டு ஐராவதம் மகாதேவன் எழுதியிருக்கிறார். பக்கத்து வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்தன. நொய்யல் கரையிலேயே கிழக்கே போனால் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகள். இவ்வளவு பழைய ஆற்றங்கரையில் அதைப் பார்க்க ஒரு நல்ல கட்டடம் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? எங்கே, எப்படி என்பதுதான் கேள்வி.

மேடை போட்டு நிற்கும் மியூசியம்

மியூசியம் என்றதும் நம் மனதில் வருவது ஒரு அரண்மனை. சென்னை எழும்பூரில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபத்தை (பின்னாளில் தேசிய கலைக்கூடம்) நினைத்துக்கொள்ளுங்கள். செந்நிறக் கல், பதேபூர் சிக்ரியை நினைவூட்டும் உயர்ந்த முகப்பு. தூரத்திலிருந்தே "நான் முக்கியமானவன்" என்று சொல்லும் கட்டடம். நகரத்து நடுவே, பெரிய வளாகத்தில் அது பொருந்துகிறது. அழகாகவும் இருக்கிறது.

அதே கட்டடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு ஏரிக்கரையில் வைத்துப் பாருங்கள். ஏரி பின்னால் போய்விடும். கட்டடம் முன்னால் வந்து நிற்கும். நாம் ஏரியைப் பார்க்கப் போன இடத்தில் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவோம். கலைக்கூடம் கட்டும் அரசுகளுக்கு இது பெரும்பாலும் பிடிக்கவும் செய்யும், ஏனென்றால் திறப்பு விழாப் புகைப்படத்தில் கட்டடம்தான் தெரிய வேண்டும்.

இந்தப் பழக்கத்திலிருந்து விலகிப் போன கட்டடக்கலைஞர்களில் ஒருவர் சார்லஸ் கொரியா (1930-2015). அகமதாபாத்தில் சபர்மதி ஆசிரமத்துக்குள் அவர் கட்டிய காந்தி நினைவு அருங்காட்சியகம் 1963இல் திறக்கப்பட்டது. காந்தி வாழ்ந்த சின்ன வீடு பக்கத்தில் இருக்கிறது, கீழே ஆறு. அங்கே எதைப் பெரிதாகக் கட்டினாலும் காந்தியைக் கேலி செய்வதுபோல ஆகிவிடும். கொரியா 6 மீட்டருக்கு 6 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தார். செங்கல் தூண், ஓட்டுக் கூரை, கல் தரை. கண்ணாடி ஜன்னலே கிடையாது, மரச் சட்டங்களால் ஆன திறப்புகள்தான். சில சதுரங்கள் மூடிய அறைகள், சில திறந்த தாழ்வாரங்கள், ஒன்று வானம் பார்த்த நீர்த்தொட்டி. தேவைப்பட்டால் பின்னாளில் இன்னும் சில சதுரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் திட்டத்திலேயே இருந்தது.

போபாலில் நடந்தது

1982 பிப்ரவரி 13 அன்று பிரதமர் இந்திரா காந்தி பாரத் பவனைத் திறந்துவைத்தார். திட்டத்தின் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் இந்திக் கவிஞரும் ஐ.ஏ.எஸ். அதிகாரியுமான அசோக் வாஜ்பேயி. கட்டடம் கொரியா. உள்ளே ரூபங்கர் என்ற கலை அருங்காட்சியகம், ரங்கமண்டல் என்ற நாடகக் குழு, வாகர்த் என்ற கவிதை மையம், அனஹத் என்ற இசைப் பிரிவு. ரூபங்கருக்குப் பொறுப்பு ஓவியர் ஜெ. சுவாமிநாதன், ரங்கமண்டலுக்கு பி.வி. காரந்த்.

கிடைத்த இடம் ஷ்யாமளா குன்றுப் பகுதியில், போபாலின் மேல் ஏரியை நோக்கி மெல்லச் சரியும் நிலம். ஏரி என்றால் சாதாரண ஏரி இல்லை. 11ஆம் நூற்றாண்டில் பரமார மன்னர் போஜன் கோலான்ஸ் ஆற்றின் குறுக்கே மண்கரை போட்டு உண்டாக்கியது என்பது மரபு. ஆயிரம் வருஷமாக அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுப்பது. அதன் பார்வையில் நிற்கப்போகும் கட்டடம் எவ்வளவு உயரம் இருக்கலாம்?

கொரியாவின் பதில்: உயரமே வேண்டாம். சாலைப் பக்கத்திலிருந்து உள்ளே போனால் எதிரே முகப்பு என்று ஒன்று இல்லை. புல்தரையும் கல் பதித்த மாடிகளும் படிப்படியாக இறங்குகின்றன, அதற்கு அப்பால் ஏரி. நீங்கள் நடந்துகொண்டிருப்பதே மியூசியத்தின் கூரைமேல்தான் என்பது சற்று இறங்கிய பிறகுதான் புரியும். பள்ளத்தில் மூன்று முற்றங்கள். அவற்றைச் சுற்றி கலைக்கூடங்களும் அரங்குகளும். கோயில் குளத்தில் படியிறங்குவோமே, அந்த மாதிரி. ஏரியைப் பார்த்தபடி பஹிரங் என்ற திறந்தவெளி அரங்கம்.

நிலத்துக்குள் இறங்கிவிட்டால் வெளிச்சத்துக்கு என்ன செய்வது? மேல்மாடியில் காங்கிரீட் கூம்புகளும் கைப்பிடிச் சுவர் ஓரத்து இடைவெளிகளும் வைத்து மேலிருந்து வெளிச்சத்தை இறக்கினார். முற்றத்தைப் பார்த்த திறப்புகளுக்கு இரண்டடுக்குக் கதவு. உள்ளடுக்கில் கண்ணாடியும், காற்றுக்குத் திறந்து மூடும் பலகைகளும். வெளியடுக்கில் பெரிய மரக்கதவுகள், ராத்திரி பூட்டிவிட்டுப் போக. மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் மண்ணை ஒட்டிய சுவரும் நிழல் விழும் முற்றமும் எவ்வளவு உதவும் என்று கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பணிவான வடிவத்துக்கும் உள்ளே நடந்த வேலைக்கும் தொடர்பு இருப்பதாக நினைக்கிறேன். சுவாமிநாதன் இளம் கலைஞர்களையும் மாணவர்களையும் கிராமங்களுக்கு அனுப்பி ஆதிவாசிக் கலையைச் சேகரித்தார். அப்படி ஒரு குழு பாடன்கட் கிராமத்தில் கண்ட சுவர் ஓவியங்கள்தான் ஜங்கர் சிங் ஷ்யாமை போபாலுக்குக் கொண்டுவந்தன. கோண்டு ஓவியம் என்று இன்று உலகம் முழுக்க அறியப்படும் பாணி அவர் கையிலிருந்து கிளம்பியது. நகரத்து நவீன ஓவியமும் ஆதிவாசி ஓவியமும் சம மரியாதையோடு ஒரே மியூசியத்துக்குள் வைக்கப்பட்டன. அரண்மனைப் படியேறி உள்ளே நுழைய வேண்டிய கட்டடமாக இருந்தால் ஒரு கிராமத்து ஆள் அங்கே எவ்வளவு தயங்கி நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டடம் தப்பித்தது, ஏரி?

இதுவரை சொன்னது கண்ணுக்குச் சம்பந்தப்பட்டது. குன்றின் சரிவை மறைக்காமல், ஏரியின் காட்சியைக் கெடுக்காமல் கட்டிவிட்டார்கள், சபாஷ். ஆனால் ஏரி என்பது காட்சி மட்டும் இல்லையே. அது ஓடைகளில் வரும் தண்ணீர், வண்டல், கரையோரச் சேறு, அந்தச் சேற்றில் இரை தேடும் பறவை எல்லாம் சேர்ந்தது.

போபால் வளர வளர மேல் ஏரிக்குச் சாக்கடையும் மண்ணும் வந்து சேர்ந்தன. ஜப்பான் கடனுதவியோடு 1995இல் போஜ் ஈரநிலத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி தூர்வாருதல், கழிவுநீரைத் திருப்பிவிடுதல், மரம் நடுதல் என்று பல வருஷம் வேலை செய்தார்கள். 2002இல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. பாரத் பவன் மேட்டில், சரிவில் இருப்பதால் ஏரியின் வழியில் அது குறுக்கே நிற்கவில்லை. அதே சமயம், கரையில் ஒரு நல்ல கட்டடம் இருப்பதால் ஏரி நலமாகிவிடாது என்பதையும் போபால் காட்டுகிறது. கட்டடத்தின் அழகும் ஏரியின் உடம்பும் தனித்தனிக் கணக்குகள்.

உலகத்தில் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர்களும் உண்டு. டென்மார்க்கில் கடலோரத் தோட்டம் ஒன்றில் 1958இல் திறந்த லூசியானா மியூசியத்தை யோர்கன் போ, வில்ஹெல்ம் வோலர்ட் இருவரும் தாழ்வான கண்ணாடி நடைக்கூடங்களாக மரங்களுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். 1991இல் சேர்த்த புதுப்பகுதி மண்ணுக்கு அடியில் போயிற்று. ஜப்பானின் நவோஷிமா தீவில் தடாவ் ஆண்டோ கட்டி 2004இல் திறந்த சிச்சு மியூசியம் ஏறக்குறைய முழுவதுமே குன்றுக்குள் புதைந்தது. மேலிருந்து பார்த்தால் சதுரமும் முக்கோணமுமாகச் சில திறப்புகள் மட்டும் தெரியும். மோனேயின் அல்லிக்குளம் ஓவியங்கள் அங்கே இயற்கை வெளிச்சத்தில்தான் பார்வைக்கு.

நிலத்துக்குள் போவது கொங்கு நாட்டுக்கும் புதிதல்ல. நாமக்கல் மலையின் இரண்டு பக்கமும் 8ஆம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் குடைந்த நரசிம்மர், ரங்கநாதர் குடைவரைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். திரிவிக்கிரமரும் வராகரும் மலையின் உடம்பிலேயே இருக்கிறார்கள். குடைந்ததால் அந்த மலையின் உருவம் மாறிவிடவில்லை.

நம்மூர்க் குளத்தின் உடம்பு

இப்போது சூலூருக்கு வருவோம். பாரத் பவனைப் பார்த்து மயங்கி, "நாமளும் குளத்தை நோக்கிப் படிப்படியா எறக்கிக் கட்டுவோம்" என்று யாராவது வரைபடம் போட்டால் அது பெரிய ஆபத்து. காரணம், போபால் ஏரிக்கரை மேட்டுச் சரிவு. நம் குளங்கள் தட்டையான நிலத்தில் விரித்த தாம்பாளம் மாதிரி.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலில் வரிசையாக அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் பிரிந்து குளத்துக்குப் போகிறது. இப்படி முப்பது சொச்சம் குளங்கள். சூலூரின் பெரிய குளமும் சின்னக் குளமும் இந்தச் சங்கிலியில் உள்ளவை. மழை நிழல் பகுதி இது. உள்ளூர் மழை வருஷத்துக்கு அறுநூறு, எழுநூறு மில்லிமீட்டர்தான். மலையில் பெய்த மழை ஆறாக வரும் சில நாட்களில் பிடித்து வைத்தால்தான் உண்டு. குளத்து நீர் பாசனத்துக்குப் போனது போக, மண்ணில் இறங்கி சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது.

குளத்துக்கு நாலு பக்கமும் ஒரே மாதிரி கிடையாது. ஒரு பக்கம் உயர்ந்த மண்கரை, அதில் மதகு, ஓரத்தில் கலிங்கு. எதிர்ப்பக்கத்தில் கரையே கிடையாது. நிலம் மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் போகும். அதுதான் நீர்பிடிப்புப் பக்கம். வெயில் காலத்தில் தண்ணீர் சுருங்கும்போது பல ஏக்கர் வெறும் தரையாகக் கிடக்கும், ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். "சும்மா கெடக்குது" என்று சொல்வது இந்த இடத்தைத்தான். ஆனால் முழுக் கொள்ளளவுக்குத் தண்ணீர் ஏறும்போது அது குளத்தின் வயிறு. முழங்கால் ஆழத் தண்ணீரும் சேறும் இருக்கும் அந்த விளிம்பில்தான் நாரையும் கொக்கும் இரை தேடும். அங்கே ஒரு கல் சுவர் எழுப்பினால் குளத்தின் கொள்ளளவும் போச்சு, பறவையும் போச்சு.

இந்த மாதிரி நடந்ததற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். கோவையில் அம்மன்குளம் என்றால் இன்று வீடுகள்தான். குளம் பெயரில் மட்டும் மிச்சம். சென்னையில் 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம் நுங்கம்பாக்கத்துப் பழைய ஏரிப் பகுதி. கலைக்காகவோ தமிழுக்காகவோ கட்டுகிறோம் என்பதால் தண்ணீர் அதற்கு விதிவிலக்கு எதுவும் கொடுப்பதில்லை.

சரி, கரையின் வெளிப்பக்கம், அதாவது மதகுக்குக் கீழே கட்டலாமா? அங்கே வேறு பிரச்சினை. கரையின் கீழே எப்போதும் ஈரம் கசியும். ஓவியத்துக்கும் துணிக்கும் ஓலைச்சுவடிக்கும் ஈரம் எமன். பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும். மியூசியங்கள் ஈரப்பதத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளப் படாதபாடு படுவதே இதற்காகத்தான். ஆண்டோ மாதிரி மண்ணுக்குள் இறக்கலாம் என்றால் இங்கே நிலத்தடி நீர் அடித்தளத்தை முட்டும். மண் கரிசலாக இருந்தால் நனைந்து உப்பி, காய்ந்து வெடித்து, சுவரை ஆட்டும்.

ஆக, குளத்து நிலத்துக்குள் கட்டவே கூடாது. சற்றுத் தள்ளி, ஓடை எதுவும் குறுக்கே வராத மேட்டாங்காட்டில்தான் மியூசியம் நிற்க வேண்டும். குளம் அதற்குக் கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் போதும். குளத்தின் மண்கரையே ஏற்கெனவே நல்ல நடைபாதை. உயரமான இடம், காற்று, மரம், இரண்டு பக்கமும் காட்சி. மியூசியத்திலிருந்து கிளம்பி அந்தக் கரைமேல் நடந்துவரும்படி வழி வைத்தால், குளமும் காட்சியறைகளில் ஒன்றாகிவிடும். அதற்கு ஒரு மூட்டை சிமென்ட்கூடத் தேவையில்லை.

எதை எடுத்துக்கொள்ளலாம்

கொரியாவிடமிருந்து எடுக்க வேண்டியது படிக்கட்டு வடிவத்தை அல்ல என்று நினைக்கிறேன். நிலம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு வரையும் பழக்கத்தைத்தான். போபாலில் நிலம் "இறங்கு" என்றது, அவர் இறங்கினார். சூலூரில் நிலம் "தள்ளி நில், தாழ்வாக நில்" என்கிறது.

தள்ளி நிற்கும் கட்டடத்துக்கு மாதிரி நம்மிடமே இருக்கிறது. கொங்கு நாட்டின் தொட்டிக்கட்டு வீடு: நடுவில் வானம் பார்த்த வாசல், சுற்றிலும் ஆசாரமும் அறைகளும், தாழ்ந்த ஓட்டுக் கூரை. வெயில் நேராக உள்ளே வராது, வெளிச்சம் வரும், காற்று சுற்றும். மண்பாண்டமும் காசும் கல்மணியும் வைக்க இது தாராளம். ஈரமும் வெளிச்சமும் ஆகாத பொருள்களுக்கு மட்டும் உள்ளே இரண்டு அறை இறுக்கமாக மூடி, குளிர்சாதனம் வைத்துக்கொள்ளலாம். முழுக் கட்டடத்தையும் குளிரூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

தமிழ்நாட்டில் இப்படிப் பழைய வீட்டு வடிவத்தை மியூசியமாக்கியவர்கள் இருக்கிறார்கள். முட்டுக்காட்டில் கடலோரமாக, பத்து ஏக்கரில் 1996 டிசம்பரில் திறந்த தக்ஷிணசித்ராவுக்கு லாரி பேக்கரும் பென்னி குரியகோஸும் வடிவம் கொடுத்தார்கள். இடிபடவிருந்த செட்டிநாட்டு வீடு உட்படப் பல ஊர் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, அந்தந்த வேலை தெரிந்த ஆட்களை வைத்தே திரும்ப நிறுத்தினார்கள். கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகமும் செட்டிநாட்டு வீட்டு பாணியில்தான். இரண்டிலும் மக்கள் தயங்காமல் உள்ளே போகிறார்கள். பாட்டி வீட்டுக்குள் நுழைய யாருக்கும் கூச்சம் இருக்காதுதானே.

சூலூருக்கு மியூசியம் வரும்போது வரட்டும். அதற்கு முன்னால், கட்டடக்கலைஞரைக் கூப்பிட்டு வரைபடம் கேட்கும் முன்பே, செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்து குளம் நிரம்பும் ஒரு வருஷம், மதகு திறந்து அடைத்துப் பழகிய பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்து, தண்ணீர் எதுவரை வருகிறது என்று முளைக்குச்சி அடித்துவிட்டு வர வேண்டும். எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் வருகிறது, கலிங்கு தாண்டிய தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று அவரே சொல்லுவார். அந்தக் குச்சிகளுக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் வரையட்டும்.